சானடோரியம்: ஒரு லத்தீன் சொல் தாம்பரத்தில் ஊர்ப்பெயரான வரலாறு

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் புறநகர் ரயில் தடத்தில், பல்லாவரத்தை அடுத்துக் குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம் என்று மூன்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. முதல் பெயரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த குரோம் லெதர் தொழிற்சாலையும், குரோமிய உப்புகளைக் கொண்டு தோல் பதனிடும் முறையும் பதிந்திருக்கின்றன. மூன்றாவது, ரயிலுக்கும் ஆங்கிலேயருக்கும் முந்திய ஊர்ப்பெயர். நடுவில் இருக்கும் பெயர் இவ்விரண்டு வகையிலும் சேராதது. அது ஒரு மருத்துவக் கொள்கையின் பெயர். ஐரோப்பியப் படைவீரர்களின் மலைவாசத்திலிருந்து காசநோயாளிகளின் திறந்த தாழ்வாரங்கள் வரை பல பொருள்களைத் தாங்கி வந்து, அக்கொள்கை உலகம் முழுவதும் கைவிடப்பட்ட பிறகும் ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயராக நிலைத்துவிட்ட சொல். இன்று ‘சானடோரியத்தில் வீடு பார்த்திருக்கிறார்கள்’ என்றோ ‘சானடோரியத்தில் இறங்கி நடந்துவிடலாம்’ என்றோ பேசுகிறவர்களுக்கு அது மேடவாக்கம், சேலையூர் போன்ற இன்னொரு இடப்பெயர் மட்டுமே. ஒரு நோயின் அச்சம் அகன்று, அதன் பெயரைத் தாங்கிய இடம் சாதாரணமாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. ‘சானுஸ்’ என்றால் உடல்நலம் உள்ளவர். ‘சானாரே’ என்றால் குணப்படுத்துதல். ‘சானிடாஸ்’ என்றால் உடல்நலம். குணப்படுத்துதல் என்ற வினையிலிருந்து சானடோரியமும், உடல்நலம் என்ற பெயரிலிருந்து சானிடேரியம் என்னும் அதன் இணைச்சொல்லும் பிறந்தன. நகராட்சியின் சானிட்டரி இன்ஸ்பெக்டரும், கழிப்பறைப் பொருள்கள் விற்கும் சானிட்டரி கடையும், பெருந்தொற்றுக் காலத்தில் ஒவ்வொரு வாசலிலும் வைக்கப்பட்ட சானிடைசரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மனநலத்தைக் குறிக்கும் ‘சேன்’, அதன் எதிர்ச்சொல்லான ‘இன்சேன்’ ஆகியவையும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே. ஆங்கிலத்தில் சானடோரியம் என்ற வடிவம் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில்தான் வழக்குக்கு வந்தது. 1840களில் லண்டனில் மருத்துவர் தாமஸ் சவுத்வுட் ஸ்மித் நடுத்தர வகுப்பு நோயாளிகளுக்காகத் தொடங்கிய விடுதிக்கு இப்பெயர் இடப்பட்டது; நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அம்முயற்சியின் ஆதரவாளர்களுள் ஒருவர். அந்த விடுதிக்கும் காசநோய்க்கும் தனித்த தொடர்பு எதுவும் கிடையாது. வீட்டில் கவனிக்க ஆளில்லாதவர்கள் கட்டணம் செலுத்தித் தங்கிக் குணமடையும் இடம் என்பதே அப்போதைய பொருள்.

இச்சொல் இந்தியாவில் பெற்ற பொருளோ வேறு. சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் தன் படைவீரர்களையும் அதிகாரிகளையும் தொடர்ந்து இழந்துவந்த கிழக்கிந்தியக் கம்பெனி, குளிர்ந்த மலைகளில் அவர்களைத் தங்கவைத்து உடல் தேறச் செய்ய முனைந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்று திரும்பிய பின் உதகமண்டலத்தில் ஐரோப்பியர் குடியிருப்பு உருவாயிற்று. 1827இல் சென்னை ஆளுநராக வந்த ஸ்டீபன் லஷிங்டன் அதனை மாகாணத்தின் உடல்நலத் தலமாக வளர்ப்பதில் பெரும் அக்கறை காட்டினார். நோயுற்ற அரசு ஊழியர்கள் தங்கிப் பயன்பெறுவதற்கு என்ற காரணத்தைச் சொல்லியே 1835இல் சிக்கிம் அரசரிடமிருந்து டார்ஜிலிங் மலைப்பகுதி பெறப்பட்டது. இவ்விடங்களைக் கம்பெனியின் ஆவணங்களும் அக்கால நூல்களும் சானிடேரியம் என்றும் சானடோரியம் என்றும் மாறிமாறிக் குறிப்பிட்டன. ஆகவே இந்தியாவில் அச்சொல் முதலில் ஒரு கட்டடத்தைக் குறிக்கவில்லை. ஒரு மலை முழுவதையும் குறித்தது. உள்ளூர் மக்களின் நோய்கள் அந்தப் பொருளுக்குள் அடங்கியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பேட்டில் கிரீக் என்ற ஊரிலிருந்த உடல்நல விடுதியின் பொறுப்பை 1876இல் ஏற்ற ஜான் ஹார்வி கெல்லாக், தன் நிலையத்துக்குச் சானிடேரியம் என்று பெயரிட்டு, அந்த வடிவத்தைத் தாமே உருவாக்கியதாகக் கூறிக்கொண்டார். சானடோரியம் என்ற சொல் உடல்நலம் குன்றிய படைவீரர்களின் தங்குமிடத்தைக் குறிப்பதால் அதை மாற்ற நேர்ந்தது என்பது அவர் தந்த விளக்கம். படைவீரர் என்ற அந்தப் பொருள் இந்திய மலைகளின் நிழலைத் தாங்கியிருப்பதும், அவர் புதிதென்று கருதிய வடிவம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நீலகிரியைப் பற்றிய எழுத்துகளில் இடம்பெற்றிருப்பதும் கவனிக்கத்தக்கவை. காலப்போக்கில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் சானிடேரியம் மனநோயாளிகளை அடைத்துவைக்கும் விடுதி என்ற பொருளுக்குச் சரிந்தது. ரஷ்ய மொழியிலோ அதே சொல் தொழிலாளர்கள் விடுமுறையில் சென்று தங்கும் கடற்கரை ஓய்வில்லமாயிற்று. இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளில், காய்ச்சல் கண்ட மாணவனைத் தனியே படுக்கவைக்கும் அறையாகச் சுருங்கிற்று.

தாம்பரத்துக்கு வந்து சேர்ந்த பொருள் இவற்றுள் எதுவும் இல்லை. அது ஜெர்மானிய வழியில் வந்தது. அன்று பிரஷ்ய ஆட்சியிலும் இன்று போலந்திலும் உள்ள சிலேசியாப் பகுதியின் கோர்பர்ஸ்டோர்ஃப் என்ற மலைக்கிராமத்தில், ஹெர்மன் பிரேமர் என்னும் மருத்துவர் 1850களில் காசநோயாளிகளுக்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அதுவரை தீராத நோய் என்று கைவிடப்பட்ட எலும்புருக்கி, தூய மலைக்காற்றாலும் நல்லுணவாலும் மருத்துவரின் இடைவிடாத மேற்பார்வையாலும் தீரும் என்பது அவருடைய கொள்கை. அவருடைய மாணவரான பீட்டர் டெட்வைலர் நடைப்பயிற்சியைக் குறைத்து ஓய்வை முதன்மையாக்கினார். திறந்த தாழ்வாரங்களில் சாய்வுநாற்காலிகளை வரிசையாகப் போட்டு நோயாளிகளை மணிக்கணக்கில் படுக்கவைக்கும் முறை அவரால் பரவிற்று. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்த பின், சானடோரியத்துக்கு மற்றொரு நியாயமும் கிடைத்தது. நோய் பரம்பரையாக வருவதில்லை, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது என்று தெரிந்தவுடன், குணப்படுத்துமிடமாக இருந்தது பிரித்துவைக்கும் இடமாகவும் ஆயிற்று. இந்த இரட்டைத்தன்மை பின்னர் அச்சொல்லை விட்டு அகலவே இல்லை. நம்பிக்கையையும் ஒதுக்கலையும் ஒரே பெயர் ஒருசேரச் சுமந்தது.

சானடோரிய வாழ்க்கை கடுமையான ஒழுங்குக்கு உட்பட்டது. நாள்தோறும் உடல் வெப்பநிலையைக் குறித்துவைப்பார்கள். காய்ச்சல் இருக்கும் வரை படுக்கையைவிட்டு எழக் கூடாது. காய்ச்சல் தணிந்த பின் சிறுகச் சிறுக நடைதூரம் கூட்டப்படும். பாலும் முட்டையும் வயிறு நிறையக் கொடுக்கப்படும். சளியை மூடியுள்ள கிண்ணத்தில்தான் துப்ப வேண்டும். குளிரோ மழையோ சன்னல்கள் திறந்தே கிடக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அறுவை முறைகளும் சேர்ந்தன. நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குள் ஊசி வழியே காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு தருவது ஒன்று. விலா எலும்புகள் சிலவற்றை நீக்கி மார்புக்கூட்டையே அமிழச் செய்வது மற்றொன்று. கிருமியை நேரடியாகக் கொல்லும் மருந்து கையில் இல்லாத காலத்தில், உடல் தானே போரிட்டு வெல்வதற்கு அவகாசம் பெற்றுத் தருவதே இவை அனைத்தின் நோக்கம்.

இந்தியாவில் இவ்வகை நிலையங்கள் 20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் கிறித்தவ அமைப்புகளின் முயற்சியால் வடக்கே தொடங்கின. ராஜபுதனத்தில் அஜ்மீரை அடுத்த திலோனியாவில் 1906இல் அமைந்தது அவற்றுள் மிகப் பழையது. தெற்கே, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகில் பல மிஷன்கள் கூடி நடத்திய சானடோரியம் 1915இல் திறக்கப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட் முல்லர் அதன் முதல் தலைமை மருத்துவர். அவ்விடத்துக்கு ஆரோக்கியவரம் என்ற அழகிய பெயர் சூட்டப்பட்டது. அங்கே நாட்டுமொழிப் பெயர் வேரூன்றியது போலத் தாம்பரத்தில் ஒன்று வேரூன்றாமல், லத்தீன் சொல்லே மக்கள் நாவில் தங்கிப்போனது. ஈரோட்டுக்கு அருகே பெருந்துறையில் எழுந்த காசநோய் நிலையத்தின் சுற்றுப்புறத்துக்கும் சானடோரியம் என்ற பெயர் நிலைத்திருப்பதால், தாம்பரத்தில் நேர்ந்ததைத் தனித்த விதிவிலக்காகக் கொள்ள இயலாது.

தாம்பரத்தின் நிலையத்தைத் தோற்றுவித்தவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து. தென்சென்னையின் வரலாற்றில் உரிய இடம் இன்னும் கிடைக்காத பெயர்களுள் இது ஒன்று. இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியின் வெல்ஸ் நகருக்கு அருகே, மெண்டிப் குன்றுகளில் ஹில் குரோவ் என்னுமிடத்தில், ஆங்கிலேய நோயாளிகளுக்காக ஒரு சானடோரியத்தை நடத்திய இந்திய மருத்துவர் அவர். நிறமும் ஆட்சியும் மனிதரைத் தரம்பிரித்த காலத்தில் ஆளும் நாட்டின் மண்ணிலேயே ஓர் இந்தியர் அத்தகைய பொறுப்பில் இருந்தது சிறிய செய்தியன்று. திறந்தவெளிச் சிகிச்சையில் பத்தாண்டுகள் தாம் கண்டவற்றைத் தொகுத்து 1910இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். காசநோய், நெரிசலான வீடுகளும் வறுமையும் விளைவிக்கும் நோய் என்ற பார்வை அவருடைய எழுத்துகளில் அழுத்தமாக வெளிப்படுகிறது.

கணிதமேதை சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கையிலும் அவருக்கு இடமுண்டு. 1914இல் ராமானுஜன் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலேயே சௌரி முத்துவும் பயணம் செய்தார். 1917இன் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் நோயுற்ற ராமானுஜன், அவ்வாண்டின் பிற்பகுதியில் மெண்டிப் குன்றுகளில் இருந்த சௌரி முத்துவின் நிலையத்தில் சேர்க்கப்பட்டார்; அங்கே நெடுநாள் தங்கவில்லை, பின்னர் டார்பிஷயரின் மாட்லக்கில் இருந்த மற்றொரு நிலையத்துக்கு மாற்றப்பட்டார். போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டில் மரக்கறி உணவையே உண்பவராகவும், குளிருக்குப் பழகாத கும்பகோணத்துக்காரராகவும் இருந்த ஒருவருக்கு, சன்னல்களைத் திறந்துவைத்து மிகுதியாக உண்ணச் சொல்லும் சிகிச்சை எத்தகைய துன்பமாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1919இல் நாடு திரும்பிய அவர் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அவருடைய நோய்க்குறிப்புகளை ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்ற ஆங்கிலேய மருத்துவர், அது காசநோயாக இருக்க வாய்ப்பில்லை, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கக்கூடும் என்று 1994இல் எழுதினார். அக்கருத்து சரியானால், அந்த மாதங்கள் தமக்கு இல்லாத ஒரு நோய்க்கான ஒழுங்கில் கழிந்தன என்றாகிறது. சானடோரியக் காலத்தின் பெரும் குறைகளுள் ஒன்றான உறுதியற்ற நோயறிதலை இது காட்டுகிறது. அதை ஒரு மருத்துவரின் பிழையாகக் கொள்வது அக்காலத்துக்கு நீதி செய்வதாகாது.

தாயகம் திரும்பிய சௌரி முத்து 1928இல், 12 படுக்கைகளோடு, தாம்பரத்தில் தம் சானடோரியத்தைத் திறந்தார். பச்சைமலை போன்ற சிறு குன்றுகளும் பாறை நிலமும் குறைந்த மக்கள்தொகையும் கொண்ட அப்பகுதி, கூவமும் நெரிசலும் சூழ்ந்த சென்னையிலிருந்து விலகியிருந்தது. அதே வேளையில் தென்னிந்திய ரயில்வேயின் தடம் அருகிலேயே ஓடியது. சானடோரியத்துக்குத் தேவைப்பட்டவை இவ்விரண்டும்தாம்: நோயாளியை நகரத்திலிருந்து விலக்கும் தொலைவும், அவரைக் கொண்டுவந்து சேர்க்கும் பாதையும். மூன்றாண்டுகள் கழித்து, 1931இல், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் அந்தத் தொலைவு சுருங்கலாயிற்று. 1937இன் தொடக்கத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்தின் காட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. திறந்த வெளியையும் நல்ல காற்றையும் நாடி மருத்துவமும் கல்வியும் ஒரே ஊருக்கு, பத்தாண்டுகளுக்குள், வந்து சேர்ந்திருக்கின்றன. அதே 1937இல் சென்னை அரசு சானடோரியத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 12 படுக்கைகள் காலப்போக்கில் 700க்கும் மேற்பட்டவையாகப் பெருகின.

இப்பகுதிக்கு மருத்துவசாலை புதிதன்று என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். தாம்பரத்துக்குத் தென்மேற்கே, பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. ஆதுலர் என்றால் நோயாளர். ஆதுலசாலை, நோயாளர் தங்கிச் சிகிச்சை பெறும் கூடம். மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் பணிப்பெண்களுக்கும் அளிக்க வேண்டிய நெல்லும் காசும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும்கூட அக்கல்வெட்டில் உள்ளன. கோயிலைச் சார்ந்த அந்த நிலையம் நோயாளியை ஊரோடு சேர்த்தே வைத்திருந்தது. ஊரைவிட்டு விலக்கி வைப்பதே சிகிச்சை என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் பெருநோயாளர் போன்ற சிலரை ஒதுக்கிய வழக்கத்தில் இருந்ததே ஒழிய, மருத்துவசாலையின் இலக்கணமாக இருந்ததில்லை. அது சானடோரியத்தோடு வந்தது. குற்றாலத்து அருவியையும் குணசீலத்துக் கோயிலையும் நாடிச்சென்று தங்கியவர்கள் உறவினர் சூழவே தங்கினார்கள்.

மருந்துகள் வந்ததும் நிலைமை மாறியது. 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், அதனை அடுத்து வந்த பாஸ் என்னும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலம், 1952இல் பயன்பாட்டுக்கு வந்த ஐசோனியாசிட் ஆகியவை காசநோய்க் கிருமியை நேரடியாகத் தாக்கின. ஆயினும் அவை எளிதில் கிட்டவில்லை. சிறுகதை மேதை புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று, 42ஆம் வயதில், காசநோயால் மறைந்தபோது முதல் மருந்து கண்டுபிடிக்கப்பட்டு ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. மருந்துகள் வந்த பிறகும் படுக்கை, ஓய்வு, நல்லுணவு, தூய காற்று ஆகியவை இல்லாமல் அவை பலன் தரா என்றே மருத்துவ உலகம் கருதியது. நோயாளிகளோ இந்தியாவில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் சானடோரியப் படுக்கை தர எந்த அரசாலும் இயலாது.

இந்தச் சிக்கலுக்கு விடை கிடைத்த இடம் சென்னை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் இணைந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய அதன் முதல் ஆய்வில், நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறைப்படி இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள்; ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மறுபகுதியினர் தத்தம் வீடுகளிலும், ஐசோனியாசிட்டையும் பாஸையும் ஓராண்டுக் காலம் உட்கொண்டார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு நெரிசலும் அரைவயிற்று உணவும் வேலைச்சுமையும் அப்படியே இருந்தன. இருந்தும் அவர்களுள் குணமடைந்தவர்களின் விகிதம் சானடோரியத்தில் இருந்தவர்களின் விகிதத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது. அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் இம்முடிவுகள் வெளியான பின், காசநோய்க்காகப் பெரிய நிலையங்களைக் கட்டுவதற்கான நியாயம் உலகெங்கும் தளர்ந்தது. இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் 1962இல் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை என்ற அடிப்படையில் அமைந்தது. வாரத்துக்கு இருமுறை பணியாளர் ஒருவரின் கண்முன்னே மருந்து உட்கொள்ளும் முறையையும் அதே சேத்துப்பட்டு மையம் 1960களில் சோதித்துக் காட்டியது. பிற்காலத்தில் உலகம் முழுவதும் பரவிய டாட்ஸ் முறைக்கு அது ஓர் அடித்தளம்.

இடமே மருந்து என்பது சானடோரியம் என்ற சொல்லின் உள்ளுறைப் பொருள். அந்தப் பொருளைப் பொய்யாக்கியவர்கள் மெண்டிப்பிலோ சிலேசியாவிலோ இல்லை. சென்னையின் குடிசைகளில் இருந்து மாத்திரை வாங்க வந்துபோன ஏழைகள்தாம் அதைப் பொய்யாக்கினார்கள். தாம்பரத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் இடத்தில் இது நிகழ்ந்தது. எனினும் சௌரி முத்து போன்றவர்களின் உழைப்பை வீண் என்று தள்ளிவிடக் கூடாது. மருந்தில்லாத காலத்தில் கைவிடப்பட்டவர்களுக்குப் படுக்கையும் உணவும் மருத்துவரின் கவனமும் கொடுத்தது பெருஞ்செயல். வறுமையே நோயின் விளைநிலம் என்று அவர்கள் சொன்னது இன்றைக்கும் உண்மை.

தாம்பரம் நிலையம் பின்னர் நெஞ்சக நோய் மருத்துவமனை என்று பெயர் மாற்றப்பட்டது. அலுவல்முறைப் பெயரிலிருந்து சானடோரியம் நீங்கியது பொருத்தமே. அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்த வரை அங்கே போவதற்கு மக்கள் கூசினார்கள். ஆனால் அதன் ஒதுக்கல் வரலாறு அத்துடன் முடியவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. பல மருத்துவமனைகள் அந்நோயாளிகளைச் சேர்க்க மறுத்த 1990களில், தாம்பரம் மருத்துவமனை 1993 முதல் அவர்களை ஏற்றுச் சிகிச்சை அளித்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றிக்கொள்வதால், பழைய நோயை அறிந்த மருத்துவர்களே புதிய நோயைக் கையாளவும் தகுதி பெற்றிருந்தார்கள். 2004 ஏப்ரலில் இந்திய அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் சில மையங்களுள் தாம்பரமும் ஒன்று. மற்றவர் தொடத் தயங்கியவர்களுக்கு இரண்டு தலைமுறைகளில், இரண்டு நோய்களில், அந்த இடம் கதவு திறந்திருக்கிறது.

சுற்றிலும் ஊர் வளர்ந்தது. 1984இல் அருகே அமைந்த ஏற்றுமதி வளாகமான மெப்ஸ், காலையிலும் மாலையிலும் சானடோரியம் நிலையத்தைத் தொழிலாளர் கூட்டத்தால் நிரப்பியது. நோய்க்கு அஞ்சி விலகியிருந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. 2005 செப்டம்பரில் மருத்துவமனையை அடுத்துத் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் பிரதமர் மன்மோகன் சிங்கால் திறந்துவைக்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்தபோதே இந்திய மருத்துவத்தின் தொன்மையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, அதனை மேலை மருத்துவர்களிடம் எடுத்துரைத்தவர் சௌரி முத்து. தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் அப்பொருளில் தனி நூலொன்றும் வெளியிட்டார். அந்தச் சித்த மருத்துவ நிறுவனத்தின் முகவரியிலும் தாம்பரம் சானடோரியம் என்றே எழுதப்படுகிறது.